இருபதாவது ஆள்

ஸ்டாப்வாட்ச்சை அமுக்கியாயிற்று. இனி முப்பது நிமிடத்துக்கு நர்மதா அந்தக் கதையைப் பற்றி மூச்சுவிடக் கூடாது, எதிரே உட்கார்ந்திருக்கிற அப்பா கேட்டாலும் காதில் விழாத மாதிரி இருந்துவிட வேண்டும், முப்பது நிமிடம் முடிந்ததும் தாளில் அச்சடித்திருக்கிற வாக்கியத்தை ஒரு எழுத்துக் கூடாமல் குறையாமல் படிக்க வேண்டும்: சற்று முன்பு நான் உங்களுக்கு ஒரு கதை படித்தேன், அதில் நினைவிருப்பதையெல்லாம் சொல்லுங்கள். அவ்வளவுதான். மூளையையும் நரம்பையும் படிக்கிற இந்த எம்.எஸ்ஸி.யில் சேர்ந்து இரண்டு வருடத்தில் இந்த வாக்கியத்தை எத்தனை பேரிடம் படித்திருப்பாள். மறதி நோய்க்காரர்கள் இருபது பேர், அவர்களோடு வைத்துப் பார்க்க ஒரு குறையும் இல்லாதவர்கள் பத்தொன்பது பேர், அந்தப் பத்தொன்பதோடு இன்னும் ஒரே ஒருவர் சேர்ந்துவிட்டால் ஆய்வேடு முடிந்தது, வெள்ளிக்கிழமை கொண்டுபோய் வழிகாட்டி மேடத்தின் மேசைமேல் வைத்துவிடலாம். வருகிறேன் என்று சொல்லியிருந்த டிராயிங் மாஸ்டர் நேற்றுக் காய்ச்சல் என்று கையை விரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அப்பா பல்லடத்திலிருந்து ஒரு தூக்குப்போசி நிறைய கம்மங்களியோடு கோயமுத்தூர் பஸ் ஏறி வந்து இறங்கினார், மகள் மெலிந்துவிட்டாளாம். நாச்சிமுத்து, ஐம்பத்தொன்பது வயது, ஈ.பி. லைன்மேன், சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, தலையில் அடிபட்டதில்லை, கரண்டுக் கம்பத்தை மரம் என்றுதான் சொல்வார், இன்றைக்கும் அந்தப் போஸ்ட் மரத்தில் ஏறச் சொன்னால் ஏறுவார். இதைவிட நல்ல ஆளுக்கு எங்கே போவது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. வீட்டு ஆட்களை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று மேடம் முதல் வகுப்பிலேயே சொன்னது தோன்றவில்லை. இல்லை, தோன்றியது. மூக்கில் உட்கார வந்த ஈயை ஓட்டுகிற மாதிரி ஓட்டிவிட்டாள். தாளின் தலையில் 'ஆரோக்கியமானவர் – 20' என்று எழுதும்போது அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. "இங்க நான் உங்க மக இல்லீங்கப்பா, டெஸ்ட் எடுக்கறவ," என்றதற்கு, "சரிங்க மேடம்," என்று இரண்டு கையையும் கட்டிக்கொண்டு பெஞ்சுக்குப் போன பையன் மாதிரி உட்கார்ந்தார், அதற்கும் இருவரும் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு நடந்து கால் மணி நேரம் ஆகியிருக்குமா, இந்த அறைக்குள் எங்கேயோ ஏ.சி. சத்தத்தோடு கலந்து அது இன்னும் கிடக்கும்.

கதை புதுக் கதை. ஆறு மாதத்துக்கு முன்பு பழைய கதையை எடுத்துவிட்டு மேடம் புதிதாக எழுதிக் கொடுத்தது. இருதயராஜ் என்ற தபால்காரர், செவ்வாய்க்கிழமை காலை, சைக்கிளில் போகிறபோது, ஓடையில் வழுக்கி விழுந்தார், பை நனைந்தது, நாற்பத்தொரு கடிதங்கள், அவற்றைப் பள்ளிக்கூட மைதானத்தில் காயப்போட்டார், காற்றில் பறக்காமல் இருக்கப் பிள்ளைகள் ஒவ்வொரு கடிதத்தின்மேலும் ஒரு கல் வைத்தார்கள். சின்னச் சின்னத் துண்டாக உடைத்தால் இருபது துண்டு, துண்டுக்கு ஒரு மார்க். படித்து முடித்த கையோடு முதல் தடவை சொல்லச் சொன்னாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரு தபால்காரருங்க. ஓடைல வழுக்கி உழுந்துபோட்டாரு. பை நனைஞ்சுபோச்சு. அப்புறம்..." என்று நிறுத்தினார், கண் மேலே போயிற்று, மேலே ஒரு டியூப்லைட்தான் இருந்தது, அப்புறம் முகம் மலர்ந்து, மடை திறந்த மாதிரி, "கூடைக்குள்ளார ரெண்டு வாத்து இருந்துச்சு. திருவாரூர்ல ரயிலு நின்னப்போ ஒரு வாத்து தப்பிச்சிருச்சு. ஸ்டேசன் மாஸ்டரு கொடியைக் கீழ போட்டுப்போட்டு வாத்தைத் தொரத்திக்கிட்டு ஓடுனாரு. செல்லத்தாயி கைதட்டிச் சிரிச்சா," என்று மூச்சுவிடாமல் முடித்து, எப்படி என்பது போல அவளைப் பார்த்தார். பேனா அவள் கையில் அப்படியே நின்றுவிட்டது. வாத்து பழைய கதை. புதுக் கதையில் வாத்தும் இல்லை, திருவாரூரும் இல்லை, ரயில் போகிற சத்தம்கூட இல்லை. தபால்காரர், ஓடை, வழுக்கல், பை, நனைந்தது: ஐந்து. இருபதுக்கு ஐந்து. இவள் எடுத்த பத்தொன்பது ஆரோக்கியக்காரர்களில் ஒருத்தர்கூடப் பதினொன்றுக்குக் கீழே வரவில்லை. 'நன்றி, இப்போது வேறு வேலை செய்வோம்' என்று அச்சடித்ததைப் படித்துவிட்டு, திரும்பி அலமாரியில் அடுத்த பெட்டியைத் தேடுகிற சாக்கில் அரை நிமிடம் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பெட்டி கண் முன்னாடியேதான் இருந்தது.

இந்த முப்பது நிமிடமும் வார்த்தை இல்லாத வேலைகள்தான் கொடுக்க வேண்டும், வார்த்தை வந்தால் கதையோடு சண்டை போடும், அதனால் படம் வரைவது, குச்சி சொருகுவது, புள்ளி இணைப்பது, கைக்கும் கண்ணுக்கும் மட்டும் வேலை. முதலில் படம். கோடும் கட்டமும் முக்கோணமுமாகப் பார்த்த மாத்திரத்தில் தலை சுற்றுகிற ஒரு படம், அதைப் பார்த்து அப்படியே வரைய வேண்டும். அப்பா பென்சிலை வாங்கி நடு மரத்தை முதலில் இழுத்தார், அவருக்கு அது மரம்தான், பிறகு குறுக்குக் கட்டை, பிறகு இழுத்துக் கட்டின கம்பி, கோடு கோடாக, சும்மா சொல்லக் கூடாது, மறதி நோய்க்காரர்களில் எட்டாம் நம்பர் ஆள் போன மாதம் இதே மேசையில் வரைந்தது மழையில் நனைந்த எட்டுக்கால்பூச்சி மாதிரி இருந்தது, இது அச்சாக இருக்கிறது, பார், அச்சாக இருக்கிறது, அப்படியானால் ஒன்றும் இல்லை, வாத்து வெறும் வாத்துதான். ஆனால் மூளையில் அந்த இடம் கெடும்போது படம் கடைசியில்தானே கெடும், கதைதானே முதலில் போகும். காதுக்குப் பின்னால் உள்ளே தள்ளி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, சுண்டுவிரல் அளவு, கடல்குதிரை மாதிரி சுருண்டுகொண்டு ஒரு சதை, இன்றைக்கு நடந்ததை நாளைக்கு என்று எடுத்து வைக்கிற இடம் அது. முதல் பருவத்தில் மேடம் ஃபார்மலினில் ஊறின மூளையைப் பாகற்காய் வில்லை அரிகிற மாதிரி அரிந்து தட்டில் பரப்பி, இதுதான், தொட்டுப் பாருங்கள் என்றபோது பெனசீர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள், நர்மதா தொட்டாள், அழிரப்பர் மாதிரி இருந்தது, இவ்வளவுதானா என்று தோன்றியது, ஒரு ஆள் கல்யாணம் பண்ணினது பிள்ளை பெற்றது எல்லாம் இந்த அழிரப்பர் வழியாகத்தான் உள்ளே போயிருக்க வேண்டும் என்று அன்றைக்கு ராத்திரி டைரியில் என்னவோ பெரிதாக எழுதிவைத்தாள். எட்டாம் நம்பர் ஆள் ஒரு டெய்லர். பதில் தெரியாத ஒவ்வொரு கேள்விக்கும் சிரிப்பார், சிரித்துவிட்டுத் தலையைத் திருப்பிப் பின்னால் உட்கார்ந்திருந்த சம்சாரத்தைப் பார்ப்பார், அந்தம்மாள் சொல்லிக்கொடுக்கப் பார்க்கும். துணைக்கு வந்தவரைத் திரும்பிப் பார்ப்பதே ஒரு அறிகுறி, குறித்துக்கொள்ளுங்கள் என்றார் மேடம். இவளும் குறித்துக்கொண்டாள். துணைக்கு வந்த ஆளே எதிரே உட்கார்ந்து டெஸ்ட் எடுத்தால் தலையைத் திருப்ப வேண்டியதே இல்லையே, நேராகப் பார்த்தாலே போதுமே, இப்போது பார்க்கிறாரே இப்படி, இதை எதில் சேர்ப்பது.

"அம்மிணி, சீக்கிரம் முடிஞ்சிருமா? மத்தியானம் பஸ்ஸுக்குப் போகோணும், நாளைக்கு ஷட்டவுனு," என்றார். "முடிஞ்சிரும்ங்கப்பா," என்று குச்சிப் பலகையை அவர் முன் தள்ளினாள். இருபத்தைந்து ஓட்டை, இருபத்தைந்து இரும்புக் குச்சி, முதலில் வலது கை, அடுத்து இடது கை. வலது கை சடசடவென்று சொருகியது, முப்பத்தாறு வருடமாக ஸ்பேனர் பிடித்த கை. இடது கைக்கு வந்ததும்தான் பார்த்தாள், கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் மட்டும் குச்சியை எடுக்கின்றன, மற்ற மூன்று விரலும் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிக் கிடக்கின்றன, விரிக்க மாட்டேன் என்கின்றன. எத்தனை நேரமாக இப்படி. படம் வரைகிறபோதும் இடது கை மடிமேல் மூடித்தான் இருந்தது. கையில் இறுக்கம், ஒரு பக்கம் மட்டும், அது என்ன கணக்கு, கடல்குதிரைக் கணக்கு இல்லை அது, அது வேறு நோய், அதைவிட நல்லதா கெட்டதா, வேறாக இருந்தால் மறதி அதனால் வருகிறதா, பாடப் புத்தகத்தின் பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஆறு வருடம் எட்டு வருடம் என்று ஒரு எண். "அந்தக் கையை நல்லா விரிச்சுச் சொருகுங்கப்பா," என்று சொல்லிவிட்டாள், அப்படிச் சொல்லக் கூடாது, அது தாளில் இல்லை. "இருக்கட்டும் அம்மிணி, இப்படியே வரும்," என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். இடது கை நேரம் வலது கையைப் போல இரண்டு மடங்கு. எழுதிக்கொண்டாள்.

வாத்தை இவள்தான் அவருக்குள் விட்டாள். அதைச் சுற்றிச் சுற்றித்தான் வந்தாக வேண்டும், வேறு வழியில்லை. முதல் வருடம் டெஸ்ட் எடுக்கப் பழக ஆள் வேண்டியிருந்தது, விடுதியில் எல்லோரும் ஓடி ஒளிந்தார்கள், அப்பா மட்டும்தான், "என்னைய வெச்சுப் பழகு சாமி," என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில், மற்ற நாள் சாயங்காலம் போனில், அப்போதிருந்த பழைய கதைதான், செல்லத்தாயி என்ற பெண் நாகப்பட்டினத்திலிருந்து ரயிலில் வந்தாள், கையில் நீலக் கூடை. முதல் வாரம் பன்னிரண்டு மார்க். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வாரம் பதினாறு, பொங்கலுக்குள் இருபதுக்கு இருபது. அதோடு விட்டாரா, செக்‌ஷன் ஆபீசில் டீ குடிக்கிறபோதெல்லாம் வாத்துக் கதைதான், கூட வேலை பார்க்கிற வேலுச்சாமி மாமாவுக்குச் சொல்லி, ஆறுமுகத்துக்குச் சொல்லி, கடைசியில் மேலதிகாரி, இன்ஜினியர் ஏ.இ. சார் வரைக்கும் சொல்லி, அவர் பார்க்கிறபோதெல்லாம் 'என்ன நாச்சிமுத்து, வாத்து ஆப்டுச்சா?' என்று கேட்க ஆரம்பித்துவிட்டாராம், அதையும் பெருமையாகப் போனில் சொன்னார். ஒரே டெஸ்ட்டை ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப எடுத்தால் மார்க் ஏறத்தான் செய்யும், அது ஞாபகம் இல்லை, பழக்கம், தேர்வில் இவளே அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிப் பத்துக்கு ஒன்பது வாங்கியிருக்கிறாள். வாங்கியவள்தான் போன தை மாதம் அம்மா போன் பண்ணினபோது என்ன செய்தாள். "உங்கப்பன் வண்டியப் பஸ்டேண்டுல உட்டுப்போட்டு நடந்து வந்திருக்கறாரு கண்ணு, வண்டி எங்கீன்னா வண்டியே எடுத்துட்டுப் போகலீங்கறாரு. எனக்கென்னமோ பண்ணுது. நீதான் அதையே படிக்கறியே, என்னன்னு கேளு," என்று அம்மா ரகசியமாகப் பேசினாள், அடுப்படியிலிருந்து, பின்னால் குக்கர் சத்தம் கேட்டது. அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். வாத்துக் கதை சொல்லுங்கப்பா என்றாள். இருபதுக்கு இருபது. ஸ்டேஷன் மாஸ்டரின் கொடி உட்பட. "ஒண்ணுமில்லம்மா, ரிட்டயர்டு ஆகப்போற யோசனை. ஞாபகமெல்லாம் கல்லுல வெட்டுன மாதிரி இருக்குது," என்றாள், சந்தோஷமாகச் சொன்னாள், டாக்டர் மாதிரி சொன்னாள். அம்மா அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. படித்த பிள்ளை சொல்லிவிட்டாள் இல்லையா. அதற்கப்புறம் எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் வீட்டில் என்னென்ன தொலைந்ததோ, என்னென்ன இரண்டு தடவை நடந்ததோ, அம்மா எல்லாவற்றையும் ரிட்டயர்டு யோசனை என்று மடித்து உள்ளே வைத்திருப்பாள், பீரோவில் நாப்தலீன் உருண்டை போட்டு வைக்கிற மாதிரி. இல்லை, இல்லை, இரு. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இருநூறு தடவை சொன்ன கதை ஒரு ஆளின் நாக்கிலேயே குடியிருக்கும், புதுக் கதை ஒன்றைப் படித்து உடனே சொல் என்றால் பழையதுதான் முண்டியடித்து முன்னால் வரும், யாருக்கும் வரும், இவளுக்கே வரும். நோய் அல்ல, வாத்து. இவள் பண்ணின கோளாறு. வாத்தா, அந்த இடமா. வாத்தாக இருக்கட்டும். முப்பதாவது நிமிடத்தில் தபால்காரரில் ஒரு ஐந்து துண்டு வந்துவிட்டால் போதும், மூன்று வந்தால்கூடப் போதும், வாத்தோடு சேர்ந்து வந்தாலும் பரவாயில்லை. ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தாள். பன்னிரண்டு நிமிடம் ஐம்பது வினாடி.

கதவு திறந்தது. பெனசீர்தான், ஒரே வகுப்பு, பக்கத்து அறையில் கண் அசைவு அளக்கிறவள், கையில் பாதி கடித்த பப்ஸ். "அடடே, அங்கிள்! எப்ப வந்தீங்க? வாத்து சௌக்கியமா?" என்று கேட்டே விட்டாள், கேட்ட பிறகுதான் மேசைமேல் ஸ்டாப்வாட்ச் ஓடுவதைப் பார்த்தாள், பப்ஸ் பிடித்த கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவுக்கு முகம் பூத்துவிட்டது. "சௌக்கியம் கண்ணு. நீயி நல்லாருக்கியா? உங்க வாப்பா நல்லாருக்கறாருங்களா?" என்றார். வாப்பா போன வருடம் இறந்துவிட்டார், அந்தத் துக்கத்துக்கு அப்பாவே கோட்டைமேடு வரை போய்விட்டு வந்தார். பெனசீர் நர்மதாவைப் பார்த்தாள், நர்மதா பார்க்கவில்லை. "நல்லாருக்காருங்க அங்கிள்," என்றாள் பெனசீர் மெதுவாக. "சாரிடி, ஓடுதுன்னு தெரியாது, வெளிய போர்டு மாட்டலையே நீ." கதவு சாத்திக்கொண்டது. போர்டு மாட்டவில்லை. ஆமாம், மாட்டவில்லை. அப்படியானால் இந்த டெஸ்ட் கெட்டுவிட்டது. இடையில் ஆள் வந்தது, பேச்சு வந்தது, வாத்தின் பெயரையே சொன்னது, இதை எந்த வாத்தியார் ஒப்புக்கொள்வார், கிழித்துப் போட வேண்டிய தாள் இது, இருபதாவது ஆளே கிடையாது, டிராயிங் மாஸ்டருக்குக் காய்ச்சல் விட்டதும் வரச்சொல்லி எடுத்துக்கொள்ளலாம், இன்றைக்கு நடந்தது எதுவும் கணக்கில் வராது என்று ஒரு குளிர்ந்த காற்று உள்ளே அடித்தது, அடித்த வேகத்தில் நின்றது. வாப்பா நல்லாருக்கறாருங்களா. அதற்கு எந்தத் தாளிலும் கட்டம் இல்லை.

கடைசி வேலை புள்ளி இணைப்பது. முதல் தாளில் ஒன்று இரண்டு மூன்று என்று வெறும் எண்கள், அப்பா கம்பி இழுக்கிற மாதிரி மரத்துக்கு மரம் போய் முடித்துவிட்டார். இரண்டாவது தாளில் எண்ணும் எழுத்தும் மாறி மாறி வரும், ஒன்று, அ, இரண்டு, ஆ. மூன்று வரை போனார். இ-க்குப் போனார். நான்கு. பென்சில் நின்றது. ஐந்துக்குப் போயிற்று, ஆறுக்குப் போயிற்று, திரும்பி நான்குக்கே வந்தது. "அம்மிணி, இப்ப எழுத்தா, எண்ணா?" தாளில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதைத்தான் சொல்ல வேண்டும். "அடுத்தது எதுவென்று பாருங்கள்," என்றாள், யாரோ சொல்கிற மாதிரி. அவர் அவளைப் பார்த்தார். டெய்லர் சம்சாரத்தைப் பார்த்த மாதிரியா, மகளைப் பார்க்கிற மாதிரியா. சிரித்தார். "சீக்கிரம் முடிஞ்சிருமா? மத்தியானம் பஸ்ஸுக்குப் போகோணும், நாளைக்கு ஷட்டவுனு." இது இரண்டாவது தடவை. அதே சொல், அதே ராகம். நாளைக்கு ஷட்டவுன். மாதம் ஒரு நாள் காலை ஒன்பதிலிருந்து சாயந்தரம் வரை அவர் செக்‌ஷன் முழுக்கக் கரண்டை நிறுத்திவிட்டு மரம் மரமாக ஏறுவார்கள், கம்பியில் உரசுகிற கிளையை வெட்டுவார்கள், கம்பியைத் தாங்குகிற பீங்கானைத் துடைப்பார்கள், வேலுச்சாமி மாமா ஒரு மரத்தில், ஆறுமுகம் ஒரு மரத்தில், புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் வேறெங்கோ தோப்புக்குள் கண்ணுக்கே தெரியாத மரத்தில். கடைசி ஆள் இறங்கினதும் சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, 'ஆளுக எல்லாரும் எறங்கியாச்சு, லைன் உடுங்க' என்று சொல்கிற ஒரே வாய் அப்பாவின் வாய். இவள் அஞ்சாவது ஆறாவது படிக்கிறபோது அவர் வேலையிலிருந்து வந்ததும் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பாள், உள்ளங்கையில் பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதியிருக்கும், வேலு, ஆறு, மணி, யாரெல்லாம் மேலே இருக்கிறார்களோ அவர்கள் பெயர், சில நாள் அழியாமல் பாதி நிற்கும். கடைசி ஆளின் கால் மண்ணில் பட்ட பிறகுதான் அழிக்கோணும் சாமி, அதுக்கு முந்தி ஒரு எழுத்தை அழிச்சாலும் பாவம் என்பார், அவளுக்கு அது சாமி கும்பிடுகிற மாதிரி ஒரு விஷயமாக இருந்தது, கம்பியும் கரண்டும் அவள் மனதில் வரவேயில்லை. இப்போது வந்தது. தோப்புக்குள் ஒரு மரத்தில் ஒரு ஆள், அவன் பெயர்கூட இவளுக்குத் தெரியாது, பீங்கானைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறான், சட்டைப் பையில் செல்போன் பாட்டுப் பாடுகிறது, கீழே சாலையில் அப்பா போனை எடுக்கிறார். நிறுத்து. அதை நினைக்காதே. இன்னும் ஒன்றும் தெரியாது. இருபத்தாறு நிமிடம். இன்னும் நான்கு நிமிடம் ஒன்றும் தெரியாது, இந்த நான்கு நிமிடம் வரை அப்பா ஆரோக்கியமானவர் இருபதாவது நம்பர், தாளில் அப்படித்தான் இருக்கிறது, பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள், ஏ.சி. உறுமியது, அப்பா நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இடது கை மடிமேல் மூடியே இருந்தது, இருபத்தெட்டு, "சீக்கிரம் முடிஞ்சிருமா அம்மிணி? மத்தியானம் பஸ்ஸுக்குப் போகோணும், நாளைக்கு ஷட்டவுனு," என்று மூன்றாவது தடவை சொன்னார், முதல் தடவை சொல்கிறவரின் அவசரத்தோடு.

முப்பது. சற்று முன்பு நான் உங்களுக்கு ஒரு கதை படித்தேன், அதில் நினைவிருப்பதையெல்லாம் சொல்லுங்கள். படித்துவிட்டாள், ஒரு எழுத்துக் கூடவில்லை, குறையவில்லை. "கதைங்களா?" என்றார் அப்பா. சிரித்தார். தாளைப் பார்த்தார், டியூப்லைட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு என்னவோ நினைவுக்கு வந்தவர் மாதிரி, திருடுகிறவர் மாதிரி, மேசைக்குக் கீழே குனிந்து இடது கையைத் திறந்தார். மூன்று விரலும் ஒவ்வொன்றாக விரிந்தன. இறுக்கமும் இல்லை, நோயும் இல்லை, நல்ல கை, நல்லாத்தான் விரிந்தது. உள்ளங்கையில் நீல மையில் எழுதியிருந்தது, வியர்வையில் ஓரமெல்லாம் கலைந்து, ஆனால் படிக்க முடிந்தது, அவர் கையெழுத்து, இவள் அலமாரிப் பக்கம் திரும்பி நின்ற அந்த அரை நிமிடத்தில் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதியிருக்கிறார். தபால். ஓடை. பை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகவோ தெரிந்திருக்கிறது, யாரிடமும் சொல்லாமல் உள்ளங்கையை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார், முப்பது நிமிடமும் அந்த மூன்று சொல்லையும் கோழிக்குஞ்சு மாதிரி பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார், மகளிடம் தோற்றுவிடக் கூடாது என்று. படியுங்கப்பா, பரவாயில்லை, பார்த்தே படியுங்கள், அதற்கும் மார்க் போடுகிறேன், மேடம் என்ன சொன்னால் என்ன. அவர் படித்தார். உதடு அசைந்தது. "தபாலு... ஓடை... பை..." மறுபடி படித்தார். நெற்றி சுருங்கியது. அவளிடம் கையை நீட்டிக் காட்டினார், ஒளிக்க வேண்டியது என்பது மறந்துபோய், வெள்ளந்தியாக. "இதென்ன அம்மிணி, எந்த எடம் இது? ஓடைகிட்ட நம்ம லைன் போகலியே. தபாலுன்னு ஒருத்தனும் நம்மகிட்ட இல்லியே." அவர் யோசித்தார், கொஞ்ச நேரம்தான். "என்னமோ, அன்னைக்கு எழுதுனதாட்ட இருக்குது. ஆளுக எறங்கியிருப்பாங்க," என்று வலது கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஒவ்வொரு எழுத்தாக, சுத்தமாக, உள்ளங்கையை அழித்தார்.

கட்டத்தில் பூஜ்யம் எழுதினாளா இல்லையா என்று பின்னால் எத்தனை தடவை யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை. போனை எடுத்ததுதான் தெரியும். ஏ.இ. சார் நம்பர் இருந்தது, ஒரு தீபாவளிக்கு அப்பாவின் போன் கெட்டுப்போனபோது வாங்கி வைத்தது. வெளியே போய்ப் பேசியிருக்கலாம், அவர் எதிரிலேயே உட்கார்ந்து நம்பரை அமுக்கினாள். மணி அடித்தது. பேசினால் நாளையிலிருந்து அப்பா மரத்தடிக்குப் போக முடியாது, பேசாவிட்டால் தோப்புக்குள் ஒரு பெயர் தெரியாத ஆள், இரண்டுக்கும் நடுவில் மணி இன்னும் ஒருமுறை அடித்தது. "யாருக்குப் போடற அம்மிணி?" என்றார் அப்பா. "ஏ.இ. சாருக்குங்கப்பா." அவருக்குச் சந்தோஷமாகப் போயிற்று, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார், "நான் கேட்டேன்னு சொல்லு. மத்தியானம் பஸ்ஸுக்கு வந்துருவேன்னு சொல்லு." மறுமுனையில் எடுத்தார்கள். பின்னால் டைப் அடிக்கிற சத்தமும் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டன. "சார், நான் லைன்மேன் நாச்சிமுத்து மக பேசறேனுங்க," என்றாள். "அட, நர்மதாவா, சொல்லும்மா," என்றது அந்தக் குரல், அதில் இப்போதே ஒரு சிரிப்பு ஏறியிருந்தது, "என்ன, வாத்து மறுபடியும் தப்பிச்சிருச்சா?"